அப்பாவின் பழைய பைக்கை மீட்டெடுக்கப் போகிறீர்களா? ஸ்பேனரைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

யமஹா ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, ராஜ்தூத், புல்லட்... அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி ஒன்று ஊர் வீட்டில் தூசி படிந்து நிற்கிறது. "பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கொடுக்க மனசு வரவில்லை. சரி பண்ணலாம் என்றால், எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு செலவாகும், சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்று பல கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வேலை எஞ்சினா, ஆர்சி புக்கா?

ஆர்சி புக்தான். பெயின்ட் அடித்து, எஞ்சின் வேலை முடித்த பிறகு "இதை உங்க பேருக்கு மாத்த முடியாது" என்று தெரியவந்தால், செலவழித்த பணம் திரும்ப வராது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, தனிநபர் பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, படிவம் 25 கொடுத்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் ஆனாலே வண்டி செல்லாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தகுதியோடு இருந்தால் புதுப்பிக்கலாம். டெல்லி தலைநகர் வட்டாரத்தில் மட்டும் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

15 ஆண்டைத் தாண்டிய பைக்கின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. இது தவிர பசுமை வரி, தாமதக் கட்டணம் போன்றவை சேரலாம். இவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை ஆர்.டி.ஓ.வில் முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காகித ஆர்சி காலத்து வண்டி என்றால், 'வாகன்' இணையதளத்தில் அதன் விவரமே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால், பழைய பதிவேட்டைப் பார்த்து இணையத்தில் ஏற்றித் தருமாறு, வண்டி பதிவான அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆர்சி தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26 மூலம் நகல் வாங்கலாம்.

வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால்?

உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொள்பவர் 3 மாதம் வரை ஓட்டலாம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை கேட்கப்படும்.

நடைமுறையில் பல குடும்பங்களில் இந்தக் கெடு எப்போதோ கடந்திருக்கும். துக்க வீட்டில் யார் ஆர்சி புக்கைத் தேடப் போகிறார்கள்? தாமதத்துக்கான தொகையைக் கட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இதில் சட்டத்தைவிடச் சிக்கலானது வீட்டுக்குள் இருக்கும் பேச்சு. அண்ணனும் தங்கையும் அதே டேங்கின் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்களாக இருக்கலாம். பட்டறைக்கு வண்டியை அனுப்பும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். செலவு செய்த பிறகு சம்மதக் கடிதம் கேட்டுப் போய் நிற்பது நல்ல நிலை அல்ல.

சேஸிஸ் நம்பரை ஏன் பார்க்க வேண்டும்?

ஃபிரேமில் பொறித்த சேஸிஸ் நம்பரும், எஞ்சின் நம்பரும் ஆர்சியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எப்போதோ எஞ்சினை மாற்றி, அதை ஆர்சியில் பதியாமல் விட்டிருந்தால் ஆய்வின்போது சிக்கல் வரும். எனவே, துருவைச் சுரண்டுவதற்கு முன்பே இரண்டு எண்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது, எண் உள்ள இடத்தை மறைத்து வைக்கச் சொல்லுங்கள். அதன் மேல் கனமாகப் பூச்சு ஏறினாலோ, கிரைண்டர் பட்டாலோ, வண்டியின் அடையாளமே போய்விடும்.

50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வேறு விதியா?

ஆம். 2021இல் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டியை 'விண்டேஜ்' பிரிவில் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் சேரும். ஆனால், கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

"ஒரு கிக் அடிச்சுப் பார்ப்போமா?"

வேண்டாம். பல வருடம் நின்ற வண்டியில் நடக்கும் பெரிய சேதம் பெரும்பாலும் இந்த ஒரு உதையில்தான் நடக்கிறது. சிலிண்டர் சுவரில் துரு ஏறி, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பலம் கொண்டு உதைத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்தால் நல்ல அறிகுறி. அசையாவிட்டால் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த வரிசையில் வேலை செய்வது?

1. பெட்ரோல் டேங்க்: பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். உள்ளே துரு இருந்தால் அதை நீக்காமல் ஓட்டினால், கார்பரேட்டர் திரும்பத் திரும்ப அடைக்கும்.

2. கார்பரேட்டர்: காய்ந்த பெட்ரோல் பிசின் போல ஜெட்டுகளை அடைத்திருக்கும். பிரித்துக் கழுவி, ரப்பர் சீல்களை மாற்ற வேண்டும்.

3. எஞ்சின்: சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அடுத்த அளவு பிஸ்டன் போடுவார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். அதை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றினால் காற்று கசிந்து, எஞ்சின் சூடாகி, மீண்டும் சீஸ் ஆகும்.

4. ஆயில்: பழைய யெஸ்டியில் 2டி ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். ஆர்எக்ஸ் 100இல் அதற்குத் தனி டேங்கும் பம்ப்பும் உண்டு. பம்ப்பில் காற்று அடைத்திருந்தால் ஆயில் ஏறாது. அதை நீக்கிய பிறகே எஞ்சினை ஓட விட வேண்டும்.

5. பிரேக், டயர், வயரிங்: டயரில் கோடு நன்றாகத் தெரிந்தாலும், ரப்பர் வெடித்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணில் முதல் இரண்டு, தயாரான வாரம். அடுத்த இரண்டு, ஆண்டு. பழைய பிரேக் ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பெயின்டும் குரோமும் கடைசியில்தான். வண்டி ஓடி, நின்று, திரும்புவது உறுதியான பிறகு அழகைப் பார்க்கலாம்.

பாகங்கள் கிடைக்குமா?

வண்டியைப் பொறுத்தது. ஆர்எக்ஸ் 100இன் உற்பத்தி 1996இல் நின்றது. யெஸ்டி தயாரித்த மைசூருவின் ஐடியல் ஜாவா ஆலையும் அதே ஆண்டில் மூடப்பட்டது. 2022இல் யெஸ்டி என்ற பெயரில் புது வண்டிகள் வந்தன. ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை, பழைய யெஸ்டிக்கு அவற்றின் எஞ்சின் பாகங்கள் பொருந்தாது. புல்லட் தொடர்ந்து தயாராகி வந்ததால் அதற்குப் பாகம் தேடுவது ஒப்பீட்டளவில் எளிது.

சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு, பெங்களூருவில் ஜே.சி. ரோடு, டெல்லியில் கரோல் பாக் ஆகியவை தேடத் தொடங்க ஏற்ற இடங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். புதியது சரியாகப் பொருந்தும்வரை பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

எஞ்சினைப் பிரிக்காமல் யாராலும் சரியான தொகை சொல்ல முடியாது. முதலில் பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் கூலி பேசுங்கள். பிறகு எஞ்சின், பாடி, சக்கரம், ஆவணம் என நான்கு தலைப்பில் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களையும் திருப்பிக் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் செலவு, வண்டியின் விற்பனை விலையைத் தாண்டும். லாபக் கணக்கோடு இறங்கினால் ஏமாற்றம்தான்.

எதை மாற்றாமல் விடுவது?

பட்டறைக்காரர் கேட்க மாட்டார், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "ஷோரூம் கண்டிஷன்ல கொண்டு வந்துடலாம் சார்" என்பார்கள். அப்படிச் செய்தால் அப்பாவின் முழங்கால் உரசி உரசிப் பெயின்ட் போன இடம், அவர் ஒட்டிய ஸ்டிக்கர், அம்மா உட்காரும்போது பிடித்துக்கொண்ட சாரி கார்டின் நெளிவு எல்லாமே ஒரே நாளில் காணாமல் போகும். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். சுரண்டியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஓட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் தேவையானதை முழுக்க மாற்றுங்கள். மற்றதில் துருவை மட்டும் நிறுத்தி, மேலே கிளியர் கோட் அடிக்கலாம். சைடு பாக்ஸைச் சுத்தம் செய்யும் முன் உள்ளே பாருங்கள், பழைய பெட்ரோல் ரசீதோ கையெழுத்தோ இருக்கலாம்.

இஷ்டத்துக்கு மாற்றியமைக்கவும் முடியாது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை விதிக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

ஓட ஆரம்பித்த பிறகு?

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் கட்டாயம். இன்சூரன்ஸ் இல்லாமல் முதல்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பதிவு காலாவதியான வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகச் சின்ன லோடு வண்டியில் ஏற்றிச் செல்வது பாதுகாப்பு.

இப்போது விற்பனையாகும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கலாம். அதனால் பெட்ரோல் டியூபையும் சீல்களையும் புதிதாகப் போடுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

டிரம் பிரேக் கொண்ட அந்தக் காலத்து வண்டி, இன்றைய பைக் நிற்கும் தூரத்துக்குள் நிற்காது. முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். இத்தனை வருடம் அந்த வண்டி கெட்டுப்போனது ஓடியதால் அல்ல, நின்றதால்தான்.