மரத்தடியில் ஒளிந்திருந்து கேட்டவர்

முதற்தரம் பார்த்தால் செல்லோ எண்டுதான் நினைப்பீர்கள். கிட்டப் போய்ப் பாருங்கோ. கழுத்தில் குடல் நரம்பால் சுற்றிக் கட்டிய மெட்டுகள், ஆறு தந்திகள், சிலவற்றில் ஏழு. வில் பிடிக்கிற கையின் உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கும். இதுதான் வயோலா ட காம்பா.

17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஆசிரியரோ நண்பரோ இறந்தால், இசைக்கலைஞர்கள் அவர் நினைவாக ஒரு துயர இசை எழுதுவார்கள். அதன் பெயர் ‘தோம்போ’, அதாவது கல்லறை. லூட் வாசித்தவர்கள் தொடங்கிய வழக்கம் இது. பிறகு காம்பாவுக்கும் வந்தது.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் மாரின் மரே. இவருக்குக் காம்பா சொல்லிக்கொடுத்தவர் சாந்த் கொலோம்ப். ஏழாவது தந்தியைச் சேர்த்தவரும் அவர்தான் என்பார்கள். தித்தோன் து தியே 1732இல் எழுதின புத்தகத்தில் ஒரு கதை வருகிறது. ஆறு மாதத்திலேயே சீடன் தன்னை மிஞ்சிவிடுவான் எண்டு கண்ட குரு, இனிச் சொல்லித்தர ஒன்றுமில்லை எண்டு அனுப்பிவிட்டாராம். குரு தோட்டத்து மல்பெரி மரத்தில் பலகைக் குடில் கட்டி அதற்குள் இருந்து வாசிப்பாராம். மரே அதற்குக் கீழே ஒளிந்திருந்து கேட்டுக் கேட்டு மிச்சத்தையும் பிடித்துக்கொண்டாராம். கதை கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் 1701இல் அச்சான மரேயின் இரண்டாவது தொகுப்பில், அதே குருவுக்கான தோம்போ இருக்கிறது. துரத்தப்பட்டவர் கோபத்தை வைத்திருக்கவில்லை, அல்லது வைத்திருந்தும் எழுதினார்.

கேட்டுப் பாருங்கோ. ஒப்பாரியில் சொல் இருக்கிறது, பெயர் சொல்லி அழலாம். இங்கே சொல்லே இல்லை. விரல்கள் வில்லின் மயிரைத் தொட்டு அழுத்தும், பிறகு விடும். ஒலி மெல்ல வீங்கி, மூச்சு அடங்கிற மாதிரித் தேயும். வயலினின் கூர்மை இதற்கு வராது.

அந்தக் கூர்மைதான் கடைசியில் வென்றது. 1740இல் உபேர் லெ ப்ளாங் என்பவர் வயலினையும் செல்லோவையும் திட்டி, காம்பாவுக்காக ஒரு புத்தகமே எழுதினார். பலனில்லை. பெரிய மண்டபங்களுக்கு இதன் குரல் காணாது.

அதற்கு முன்பே, 1724ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று, லைப்சிக்கில் பாக்கின் ‘யோவான் பாடுகள்’ முதன்முதலாக ஒலித்தது. சிலுவையில் இயேசு “எல்லாம் முடிந்தது” எண்டு சொன்ன பிறகு வருகிற பாடலுக்கு, பழைய வாத்தியமாகிக்கொண்டிருந்த காம்பாவைத்தான் பாக் எடுத்தார். நடுவில் வயலின்கள் வெற்றி முழக்கமாய்ப் பாய்கின்றன. அது சட்டென்று நின்றதும், திரும்பவும் அந்த ஒற்றைக் காம்பா.