குரங்கணி மலையேற்றமும் சுற்றுலாத் தொழிலில் நம்பிக்கையும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் குரங்கணி. ஆங்கிலேயர் காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் சென்றது. பின்னாளில் இம்மலை நடைபயணிகளை ஈர்த்தது.

மலையேற்றம் பலர் கூடிச் செய்யும் தொழில். நகரத்தில் ஆள் சேர்க்கும் அமைப்பு, வண்டிக்காரர், தங்குமிடம் தருபவர், உள்ளூர் வழிகாட்டி, அனுமதி வழங்கும் வனத்துறை என ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியே இது நடக்கிறது. பயணிக்கோ இவர்களில் பெரும்பாலோரை முன்பின் தெரியாது.

2018 மார்ச் 11 அன்று சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் வந்த குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டாப் ஸ்டேஷன் பாதைக்கே அனுமதி இருந்ததாக அரசுத் தரப்பு கூறியது. எந்தப் பாதைக்கு அனுமதி, எது தீப்பருவம் என்பதைப் பணம் கட்டி வந்தவர் எப்படி அறிவார்? அது ஏற்பாட்டாளரும் வனத்துறையும் தமக்குள் பேசித் தீர்த்திருக்க வேண்டியது. மீட்புக்கு முதலில் ஓடியவர்கள் உள்ளூர் மக்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகே வந்தன.

அவ்வாண்டே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அரசு வெளியிட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையும் உண்டு. இணைய முன்பதிவு, அனுமதி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி மூன்றும் இதில் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தீப்பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன.

கொழுக்குமலையின் நிலை வேறு. தேயிலைத் தோட்டம் தமிழகத்தில் இருந்தாலும், ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான்.