கூபேயும் செடானும்: பிஎம்டபிள்யூ எம்3, மெர்சிடிஸ் 190இ கார்களின் சேசிஸ் வரலாறு

தாழ்ந்த கூரையும் இரண்டு கதவுகளும் கொண்ட கார் கூபே எனப்படும். நான்கு கதவுகளும் பின்னால் தனி டிக்கியும் கொண்டது செடான். வளைவுகளில் வேகமாகத் திரும்புவதற்குக் கூபேயே ஏற்றது, செடான் குடும்பத்துக்கானது என்ற கருத்து நெடுங்காலமாக உள்ளது. இது எந்த அளவுக்கு உண்மை என்பதை 1980களில் மேற்கு ஜெர்மனியில் உருவான இரண்டு கார்களின் வரலாற்றிலிருந்து அறியலாம்.

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1982 இறுதியில் 190 என்ற சிறிய செடானை வெளியிட்டது. அதன் பின்சக்கர சஸ்பென்ஷன்தான் உண்மையான புதுமை. கட்டற்ற ஒரு பொருள் ஆறு வகைகளில் அசையலாம்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். சக்கரத்தைத் தாங்கும் பகுதியை ஐந்து தனித்தனித் தண்டுகளால் காரின் உடலோடு இணைத்தால் ஐந்து அசைவுகள் தடுக்கப்படும். எஞ்சுவது மேலும் கீழுமான அசைவு மட்டுமே. பள்ளத்தில் இறங்கினாலும் வளைவில் சாய்ந்தாலும் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளரே தீர்மானிக்க முடியும்.

பிஎம்டபிள்யூ நிறுவனமோ 1962 முதல் பின்சக்கரத்துக்குச் சாய்வான ஒற்றைக் கரத்தையே பயன்படுத்தி வந்தது. இது எளிமையானது, மலிவானது. ஆனால் கரம் மேலும் கீழும் போகும்போது சக்கரத்தின் சாய்வும் அது நோக்கும் திசையும் சேர்ந்தே மாறும். வளைவின் நடுவில் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் காரின் பின்பகுதி உயரும். சக்கரங்களின் திசை மாறும். பின்பக்கம் வெளிப்புறமாக வழுக்கத் தொடங்கும். மழைநாளில் இது சாதாரண ஓட்டுநருக்கு ஆபத்தானது.

190 காரின் வேகமான வடிவமான 190இ 2.3-16, 1983இல் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. இதன் எஞ்சினின் மேல்பகுதியை இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனம் வடிவமைத்தது. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினாலும் பின்பகுதி தாழாதபடி, உயரத்தைத் தானே சரிசெய்யும் சஸ்பென்ஷன் இதில் இருந்தது. 1984 மே 12இல் புதிய நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் தொடக்க விழாவில், பெயர்பெற்ற பந்தய ஓட்டுநர்கள் ஒரே மாதிரியான இக்கார்களில் மோதினர். வென்றவர் அப்போது இளைஞராக இருந்த அயர்டன் சென்னா. நிக்கி லாடா இரண்டாவதாக வந்தார்.

இதற்குப் பதிலாகப் பிறந்ததே பிஎம்டபிள்யூ எம்3. இது 1985இல் காட்டப்பட்டு 1986இல் உற்பத்திக்கு வந்தது. 'குரூப் ஏ' பந்தய விதிப்படி ஒரு மாதிரியில் 12 மாதங்களுக்குள் 5000 கார்கள் தயாரிக்கப்பட வேண்டும். எனவே பந்தயத்துக்குத் தேவையானவை எல்லாம் கடையில் விற்கும் காரிலேயே இடம்பெற்றன. அகன்ற டயர்களுக்காகச் சக்கர வளைவுகள் புடைப்பாக்கப்பட்டன. பின்கண்ணாடியின் சாய்வு மாற்றப்பட்டு, டிக்கி மூடி உயர்த்தப்பட்டது. பின்சக்கரக் கரம் பழையதே; அதன் குறையைக் கடினமான ஸ்பிரிங்குகளும் உடல் சாய்வைக் குறைக்கும் கம்பிகளும் ஓரளவு மறைத்தன. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளமும் மெர்சிடிசை விட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் குறைவு. இதனால் கார் சட்டெனத் திரும்பியது. அதே அளவுக்குக் கவனத்தையும் கேட்டது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கூபேக்களில் தலைசிறந்ததாகப் போற்றப்படும் அந்த எம்3 உண்மையில் இரண்டு கதவு செடானே! சாதாரண 3 வரிசைக் காரின் நிமிர்ந்த கூரையும் நான்கு பேர் உட்காரும் இடமும் அதில் அப்படியே இருந்தன.

பந்தயத்தில் இரண்டும் வென்றன. ஜெர்மன் டூரிங் கார் பட்டத்தை 1987, 1989 ஆண்டுகளில் எம்3 பெற்றது. 1992இல் கிளாஸ் லுட்விக் நான்கு கதவு 190இ காரில் பட்டம் வென்றார். ஆகவே கதவுகளின் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. தாழ்ந்த கூரை எடைமையத்தைச் சற்றுக் கீழே கொண்டுவரும் என்பது மெய்யே. ஆனால் கூபேயின் நீண்ட கதவுக்காக உடலில் பெரிய திறப்பும் விட வேண்டியுள்ளது. செடானின் நடுத்தூணோ கூரையையும் தரைப் பகுதியையும் கதவுகளுக்கு இடையில் பிணைக்கிறது. உடல் முறுகாமல் இருந்தால்தான் சஸ்பென்ஷன் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

1990இல் வந்த அடுத்த 3 வரிசையில் பிஎம்டபிள்யூவும் ஒற்றைக் கரத்தைக் கைவிட்டுப் பல தண்டுகள் கொண்ட பின்சஸ்பென்ஷனுக்கு மாறியது. அந்த வரிசையில் எம்3, 1992இல் கூபேயாகவும் 1994இல் செடானாகவும் விற்கப்பட்டது. 2007இல் வந்த எம்3 கூபேக்கு மட்டும் எடை குறைந்த கார்பன் இழைக் கூரை கிடைத்தது. செடானுக்கு எஃகுக் கூரையே. 2014இல் இரண்டுக்குமே கார்பன் கூரை வந்தது. சக்கரங்களுக்கு இடையிலான நீளமும் இரண்டிலும் ஒன்றே, 2812 மில்லிமீட்டர். உயரத்தில் மட்டும் கூபே சுமார் 4 சென்டிமீட்டர் தாழ்வு. அந்த ஆண்டில் இரண்டு கதவுக் காருக்கு எம்4 என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. எம்3 என்ற பெயர் நான்கு கதவு செடானுக்குப் போய்ச் சேர்ந்தது.