கொம்பன் வேட்டையும் மறக்கப்பட்ட நாயும்: வீடியோ விளையாட்டு விலங்குகளில் தொன்மம் எஞ்சும் இடம்

வீடியோ விளையாட்டுகள் தொன்மத்தின் தோலை மட்டும் உரித்துக்கொண்டு உயிரை விட்டுவிடுகின்றன என்பது ஏறத்தாழ முடிந்த பேச்சாகிவிட்டது. சான்றுக்கும் பஞ்சமில்லை. 1990-இல் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 3’ தொடங்கி அந்த வரிசையில் ‘சிவா’ என்பது பனியை ஏவும் பெண்ணுருவம். பெயர் வந்திருக்கிறது, வேறொன்றும் வரவில்லை. இதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் இத்தகைய சான்றுகளை அடுக்கியவர்கள் உருவத்தையே தேடியிருக்கிறார்கள்: கை எத்தனை, கொம்பு எத்தனை, வாகனம் எது. தொன்ம விலங்கு தன் உருவத்தில்தான் குடியிருக்கிறதா என்பது கேட்கப்படவே இல்லை. அதைக் கேட்க, பொன்னர், சங்கர் என்ற உடன்பிறந்தாரைப் பாடும் அண்ணன்மார் கதை தக்க இடம். அதிலும் ஒரே ஒரு கட்டம் போதும்.

1960-களின் நடுவில் காங்கயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் பாடப்பட்ட இக்கதையை மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்தார். அதே பாடகர் எழுதிக்கொள்வதற்காகச் சொன்ன பாடம் ஒன்றும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1982-இல் வந்தது. தமிழ் மூலம் ஆங்கில ஆக்கத்துடன் 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவன வெளியீடாக வந்தது. சக்திக்கனலின் பதிப்பு இவற்றுக்கு முந்தியது என்றாலும், இங்கே எனக்கு வேண்டியது பெக் பதிவுசெய்த மரபு. கொம்பன் வேட்டையில் ஒரு நாய்க்கு இவ்வளவு இடம் தந்திருப்பது அதுதான்.

அண்ணன்மாரின் பகைவரான வேட்டுவர் பக்கத்தில் வளரும் பெரும்பன்றி கொம்பன். பொன்னர், சங்கரின் விளைநிலத்தை அது அழிக்கிறது. அண்ணன்மார் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். வேட்டை நாய்களெல்லாம் உடன் போகின்றன. பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெட்டை நாயை மட்டும் யாரும் அழைக்கவில்லை. அவள் மனம் நோகிறது. வேட்டைக்குப் போனவர்கள் நோவில் விழுகிறார்கள். பிறகுதான் அவளுக்கு ஆள் போகிறது. வந்தவள் பன்றியின் பின்னால் புகுந்து விதையைக் கவ்வுகிறாள். அதன் பிறகே சங்கரின் வேல் வேலை செய்கிறது.

இந்தக் கடியைச் சிரிப்புக்கான இடமாகக் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. நள்ளிரவு தாண்டியதும் கண் சொக்கும் கூட்டத்தை எழுப்பப் பாடகர் கையாளும் உத்தி என்பார்கள். கூட்டம் சிரித்திருக்கும், ஐயமில்லை. ஆனால் சிரிப்புக்காக மட்டும் என்றால் கடி போதும்; அழைக்காமல் விட்டதும், நோவும், ஆளனுப்பியதும் தேவையில்லை. இந்த மூன்றையும் நீக்கிப் பாருங்கள்: கொம்பன் வெறும் பெரிய பன்றியாகிவிடுவான். அவனை வெல்ல முடியாததாக்குவது கொம்பின் நீளம் அல்ல, அண்ணன்மார் வைத்திருக்கும் பாக்கி. யாரை விட்டுவிட்டுப் போனார்களோ அவளிடம் திரும்பி வராமல் அவன் சாக மாட்டான்.

எருமை அசுரன் மகிடனின் நிபந்தனை வேறு வகை. அது வரம்: ஆண் கையால் சாவில்லை, ஆகவே தேவி வருகிறாள். பூட்டும் சாவியும் போன்ற இந்த வகையை விளையாட்டுகள் எளிதில் எடுத்துக்கொள்கின்றன. புணேயின் நாடிங் ஹெட்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’யில் மகாபலாசுரனுக்கு எதிராகத் தேவர்கள் தேர்ந்தெடுப்பது ஒரு சிறுமியை. கொம்பனுக்கு வரம் எதுவும் பேசப்படுவதில்லை. அவனைச் சுற்றியிருப்பது கடன். என் கருத்தில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததே முந்தைய ஆய்வுகளின் பெரிய இழப்பு.

கிரேக்கத்துக் கலிடோன் பன்றியை இங்கே பக்கத்தில் நிறுத்தலாம். பொது மூலம் எதையும் தேட அல்ல. அந்த வகை ஒப்பாய்வில் எனக்கு நம்பிக்கை குறைவு. அரசன் ஒய்னியஸ் அறுவடைப் படையலில் ஆர்ட்டெமிஸை மறந்துவிடுகிறான். அவள் பன்றியை அனுப்புகிறாள். முதல் குருதியை வரவழைப்பவள் அட்டலான்டா. அவளுக்குத் தோலைத் தருவதில் எழும் சண்டையில் மெலியாகரின் உயிரே போகிறது. இங்கும் விளைநிலம், இங்கும் பன்றி, இங்கும் கணக்கில் விடுபட்ட ஒரு பெண். 2018-இன் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’யில் இந்தப் பன்றி வருகிறது. ஆட்டக்காரர்கள் ‘பாஸ்’ என்று சொல்லும் பெருவிலங்குகளில் ஒன்றாக, தனியாளாய் நின்று கொல்லும்படி. மெலியாகர் இல்லை, அட்டலான்டா இல்லை, சண்டை இல்லை. தோல் மட்டும் மிஞ்சியது என்று இகழ்வது எளிது. ஆனால் தோல் எங்கே போகிறது? ஆர்ட்டெமிஸின் மகளிர் எனப்படும் வேட்டைப் பெண்களின் தலைவியிடம். பன்றியை அனுப்பிய தெய்வத்தின் வாசலுக்கே அது திரும்புகிறது. வடிவமைத்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களா என்று நான் உறுதி கூற மாட்டேன். எண்ணாமல் செய்திருந்தால் என் வாதத்துக்கு இன்னும் நல்லது: பன்றியோடு பாக்கியும் தானாகவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

யாளி இதற்கு நேர்மாறு. சங்கப் பாடல்களில் யானையைக் கொல்லும் விலங்கு. நாயக்கர் காலத் தூண்களில் எவ்வளவு பார்த்தாலும் அலுக்காத உருவம். ஆனால் அதைக் கொல்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எந்தக் கதையும் வற்புறுத்துவதில்லை. ஆகவே யாளியை விளையாட்டுக்குள் கொண்டுவருபவர் உருவத்தைத்தான் கொண்டுவர முடியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பேரூர் கனகசபையில் யானையை உரித்த பெருமானைப் பார்த்து நிற்கும்போது எனக்கு அடிக்கடி தோன்றுவது, கல் நமக்கு முடிவை மட்டும் காட்டுகிறது என்பது. எப்படி முடிந்தது என்பதை உடுக்கைதான் சொல்லும்.

விளையாட்டின் விதியை வாய்மொழி மரபின் மேல் ஏற்றுகிறேன் என்பார்கள். வரமும் சாபமும் நேர்த்திக்கடனும் விதிகள்தாம். கணினிக்கு முன்பே இருந்தவை. இதில் நீண்ட மறுமொழிக்கு இடமில்லை. சற்று நின்று கேட்க வேண்டிய தடை மற்றொன்று: அண்ணன்மார் கும்பிடும் தெய்வங்கள். படுகளச் சடங்கில் அருள் வந்தவர்கள் வீழ்ந்து கிடப்பதையும் எழுப்பப்படுவதையும் கண்டவர், ஆட்டக்காரர் செத்துச் செத்து மீண்டும் தொடங்குவதை அதனோடு ஒப்பிடத் தயங்குவார். நானும் தயங்குகிறேன். படுகளத்தில் எழுப்புவது அண்ணன்மாரின் தங்கை தங்காளின் கண்ணீர். திரையில் எழுப்புவது ஒரு பொத்தான். சங்கரை ஆட்டக்காரர் கையில் கொடுப்பது சரியா என்பதை அந்தக் கோயில்களின் மக்களே சொல்ல வேண்டும். என் வாதம் கொம்பனைப் பற்றியது மட்டுமே.

இக்கதை திரைக்கு மிக அருகில் வந்த வடிவம், பெக் முன்னின்று உருவாக்கிய 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடர். அதிலும் பொன்னாச்சி இருக்கிறாள். ஆனால் தொடர் பார்ப்பவர் நாயை மறக்க முடியாது. கதை அவருக்காக மறந்து, அவருக்காகவே நினைவூட்டிவிடுகிறது. விளையாட்டால் மட்டும் முடிகிற ஒன்று இங்கே மிச்சமிருக்கிறது. வேட்டைக்குக் கிளம்பும் நேரத்தில் வாசல் திண்ணையோரம் ஒரு குட்டி நாய் படுத்திருக்கட்டும். அம்புக்குறி வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம். ஆட்டக்காரர் அதைத் தாண்டி நடந்து போகட்டும். கொம்பனிடம் மூன்று முறை தோற்ற பிறகு, திண்ணையில் கிடந்தது என்ன என்று அவருக்கே ஞாபகம் வரட்டும்.