15 மணி நேர ஆன்லைன் பயிற்சி: உங்களுக்கு பாலிசி விற்பவர் என்ன படித்துவிட்டு வருகிறார்?

"பத்தாவது பாஸ், கையில ஒரு போன். இது போதும், நீங்களும் இன்சூரன்ஸ் விற்கலாம்." இந்த மாதிரி விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். இது பொய் இல்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது. அப்படியானால், புதிதாக விற்க வருபவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் ஒரே பாதுகாப்பு அவர் முடித்த ஆன்லைன் கோர்ஸ்தான். அது எப்படி இருக்க வேண்டும்?

யார் இந்த பிஓஎஸ்பி?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2015-ல் 'பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன்' என்ற முறையைக் கொண்டுவந்தது. சுருக்கமாக பிஓஎஸ்பி. 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 15 மணி நேரப் பயிற்சி, முடிவில் ஒரு தேர்வு. எளிமையான பாலிசிகளை மட்டும் இவர்கள் விற்கலாம்.

பயிற்சியையும் தேர்வையும் நடத்துவது, அவரைச் சேர்க்கும் காப்பீட்டு நிறுவனமோ புரோக்கரோதான். பெங்களூரிலிருந்து இயங்கும் கோ டிஜிட் போன்ற நிறுவனங்கள் இதை ஆன்லைனிலேயே நடத்துகின்றன. தினமும் 3 மணி நேரம் ஒதுக்கினால் 5 நாளில் முடிந்துவிடும்.

வீடியோ பார்த்தால் போதாதா?

போதாது. ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். நடுவில் புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

வீடியோவை ஓடவிட்டு, அன்றே தேர்வெழுதி பாஸ் செய்பவர் முதல் வகை. ஆனால் அவர் வாடிக்கையாளரைச் சந்திப்பது அதற்கு அப்புறம்தானே? அதனால் நல்ல கோர்ஸ் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு கேள்வி கேட்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் வாரம் ஒருமுறை போனுக்கு நாலு கேள்வி அனுப்பும்.

என்ன மாதிரி கேள்வி?

'காப்பீடு என்றால் என்ன?' என்பது மனப்பாடக் கேள்வி. கே.ஆர்.புரத்தில் ஒரு கடைக்காரர், "எனக்கு சுகர் இருக்கு தம்பி. ஃபார்ம்ல எழுதினா பிரீமியம் ஏறுமாமே, விட்டுடலாமா?" என்று கேட்கிறார், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் வேலைக்கான கேள்வி. அங்கே "விட்டுடுங்கண்ணா" என்று சொன்னால் அன்று ஒரு பாலிசி விற்கும். நாளை அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரியில் நிற்கும்போது கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

தேர்ட் பார்ட்டி பாலிசியை 'ஃபுல் கவர்' என்று சொல்லி விற்பதும் இதே ரகம்தான். அது எதிராளிக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும். உங்கள் பைக் திருடு போனால் ஒரு ரூபாய்கூட வராது.

தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் புழங்கும் பெங்களூரில், விற்கும் மொழியிலேயே இந்த உரையாடல்களைப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் படித்ததை அந்த இடத்தில் மொழிபெயர்க்கும்போதுதான் நிபந்தனைகள் கழன்றுபோகின்றன.

பழைய வீடியோ ஏன் ஆபத்து?

சமீபத்திய மாற்றங்களைப் பாருங்கள்:

• மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்க்கான அதிகபட்சக் காத்திருப்புக் காலம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைந்தது (2024).

• பிடிக்காத பாலிசியைத் திருப்பித் தரும் 'ஃப்ரீ லுக்' அவகாசம் 30 நாளானது (2024). அதற்கு முன் பொதுவாக 15 நாள்.

• தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கான 18% ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

2023-ல் எடுத்த வீடியோவைப் பார்த்துப் படித்தவர் இந்த மூன்றையும் தப்பாகச் சொல்வார், அதுவும் முழு நம்பிக்கையோடு. அதனால் கோர்ஸ் தயாரிப்பவர்கள் ஒரே நீள வீடியோவாக எடுக்காமல், விதி மாறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றும்படி சின்னச் சின்னதாகப் பிரிப்பது நல்லது.

கோர்ஸ் வேலை செய்கிறதா என எப்படித் தெரியும்?

எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணிக்கை இதற்குப் பதில் சொல்லாது. அவர்கள் விற்ற பாலிசிகளில் எத்தனை ஃப்ரீ லுக்கில் திரும்பின, எத்தனை அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை, எத்தனை கிளெய்ம்கள் 'நோயை மறைத்தார்' என்று நின்றன என்பதைப் பார்க்க வேண்டும். இந்தத் தரவு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. பிஓஎஸ்பி-யின் நடத்தைக்கு விதிப்படி பொறுப்பும் அவரைச் சேர்த்த நிறுவனத்துக்கே.

நீங்கள் என்ன செய்யலாம்?

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எதெல்லாம் கவர் ஆகாது? காத்திருப்புக் காலம் எவ்வளவு? பிடிக்கலைன்னா எத்தனை நாளில் திருப்பித் தரலாம்? பதிலை பாலிசி ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

புகார் இருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். தீரவில்லை என்றால் ஐஆர்டிஏஐ-யின் 155255 என்ற எண்ணில் அழைக்கலாம். அடுத்த படி காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். கர்நாடகத்துக்கான அலுவலகம் பெங்களூரிலும், தமிழ்நாட்டுக்கானது சென்னையிலும் உள்ளன. அங்கே 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு கோரலாம், கட்டணம் கிடையாது.