கடல் கடந்த குரல்

அயல்நாடு செல்வோர் இன்று விமானத்தை விட்டு இறங்கியதும் கைப்பேசியை எடுத்து, ‘நலமாக வந்து சேர்ந்தேன்’ என வீட்டாரிடம் கூறிவிடுகின்றனர். இவ்வசதி எளிய மக்களுக்கு எத்துணைக் காலந்தாழ்த்திக் கிட்டியது என்பதை நம் மாணவர் அறிதல் நலம்.

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே 1870-71ஆம் ஆண்டுகளில் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. அது சிங்கப்பூர் வரை நீண்டது. எனினும் எழுத்துத்தான் கடலைக் கடந்தது, குரல் கடக்கவில்லை. 1927 சனவரி 7ஆம் நாள் நியூயார்க்குக்கும் இலண்டனுக்கும் இடையே வானொலி அலைகளின் வழியே தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. மூன்று நிமிடப் பேச்சுக்குக் கட்டணம் 75 அமெரிக்க டாலர்! 1956இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் தொலைபேசி வடம் திறக்கப்பட்டபோது, அதில் ஒரே வேளையில் 36 உரையாடல்களுக்கே இடமிருந்தது.

நம் வட்டாரத்தில், சிங்கப்பூரிலிருந்து சபா, ஹாங்காங், குவாம் வழியாக ஆஸ்திரேலியா வரை செல்லும் சீகாம் வடம் 1967இல் நிறைவுற்றது. 1970இல் குவாந்தானிலும் 1971இல் செந்தோசாவிலும் துணைக்கோள் தரைநிலையங்கள் எழுந்தன.

ஆயினும், வடம் வந்ததாலேயே தோட்டப்புறத் தமிழர் பேசிவிட இயலவில்லை. இருமுனையிலும் கருவி வேண்டும். கையில் காசும் வேண்டும். சேலம் மாவட்டத்திலிருந்து பால்மரத் தோட்டத்திற்கு வந்த என் பாட்டனார், தம் தாயின் குரலை மீண்டும் கேளாமலே மறைந்தார்.

இந்தியாவில் 1984இல் ‘சி-டாட்’ எனும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் நிறுவப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று எழுதிய பலகைகளைத் தாங்கிய சாவடிகள் ஊர்தோறும் பெருகின. டிரங்கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த பயணிகள், தாமே எண்களை அழுத்திப் பேசலாயினர்.

1991இல் நான் பாட்டனாரின் ஊருக்குச் சென்றிருந்தேன். தந்தையார் உடல்நலம் குன்றியிருந்த வேளை அது. சேலத்துச் சாவடி ஒன்றில் 00, மலேசியாவுக்குரிய 60, பின் ஊர்க் குறியெண் என அழுத்தினேன், இணைப்புக் கிட்டவில்லை. ஊர்க் குறியெண்ணின் முன்னுள்ள சுழி உள்நாட்டு அழைப்புக்கே உரியது, அதை நீக்க வேண்டும் என்றார் சாவடிக்காரர்.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. தோட்டத்தை அடுத்த மளிகைக் கடைக்கு அழைத்து, “அப்பாவை வரச் சொல்லுங்கண்ணே, கால்மணி நேரத்தில் மறுபடி கூப்பிடுகிறேன்” என்று சொல்லி உடனே வைத்துவிட்டேன். காத்திருக்கும் நொடிக்கும் மீட்டர் ஓடும் அன்றோ?

மறுமுறை அழைத்தபோது தந்தையாரே பேசினார். தம் உடல்நிலை பற்றிக் கூறவில்லை.

“ஊருக்குப் போனியாய்யா? தாத்தா வீடு இருக்கா?”

“சுவர் மட்டும் நிற்குதுப்பா.”

சற்று நேரம் பேச்சில்லை. மீட்டரின் சிவப்பு எண்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன.

“காசு ஏறும், வச்சிடு” என்று கூறி, அவரே முதலில் வைத்துவிட்டார்.

கைப்பேசியும் இணையமும் பரவியபின் அச்சாவடிகள் பெரும்பாலும் மறைந்தன. பாட்டனாருக்குக் கிட்டியது பிறர் எழுதித் தந்த கடிதம். தந்தையாருக்குச் சில நிமிடக் குரல். என் பேரப்பிள்ளைகளுக்கோ முகம் பார்த்தே பேசும் வாய்ப்பு.

வடங்கள் இடப்பட்ட ஆண்டுகளைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரிடம் ஒரு வினாவையும் கொடுத்தனுப்பலாம்: ‘நம் வீட்டுக்குத் தொலைபேசி வருமுன் யார் வீட்டில், எந்தக் கடையில் பேசினோம்?’ பெரியோர் கூறும் விடைகளை அவர்கள் எழுதி வரட்டும். நம் சமுதாயத்தின் தொலைபேசி வரலாறு அவ்விடைகளில்தான் இருக்கிறது.