செயற்பாட்டு வலிப்பின் காரணங்கள்: கண்டிப் பின்னணியில் ஒரு நோக்கு

செயற்பாட்டு வலிப்பு பார்வைக்குக் காக்கை வலிப்பைப் போலவே இருக்கும். உடல் விழும், கை கால் உதறும், நினைவு மங்கும். ஆனால் காக்கை வலிப்புக்கு அடிப்படையான மூளையின் மிகை மின்பாய்ச்சல் இதில் நிகழ்வதில்லை. வலிப்பு வரும் வேளையிலேயே காணொளியையும் மூளை மின்னலைப் பதிவையும் ஒருசேர எடுத்துப் பார்ப்பதுதான் இரண்டையும் பிரித்தறிய மிக உறுதியான வழி. கண்களை இறுக மூடியிருத்தல், தலையை இருபுறமும் ஆட்டுதல், உதறல் கூடிக் குறைந்து நெடுநேரம் நீடித்தல் ஆகியவை துணை அடையாளங்கள். இவற்றில் எந்த ஒன்றையும் தனியே நம்பி முடிவெடுக்கலாகாது.

மின்னலை மாறவில்லை என்றதும் நடிப்பு என்று சொல்லிவிடுவது வீட்டிலும் நடக்கிறது, வைத்தியசாலை விடுதியிலும் நடக்கிறது. அது பிழை. இந்த வலிப்பு நோயாளியின் விருப்பத்தால் வருவதில்லை. விரும்பி அவர் அதை நிறுத்தவும் முடிவதில்லை.

காரணத்தைப் பற்றிய நவீன ஆய்வு 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோவிடமிருந்து வளர்ந்தது. 1895இல் புரோயரும் ஃபிராய்டும் அடக்கப்பட்ட மனக்காயமே உடற்குறியாக வெளிப்படுகிறது என்றனர். அந்தக் கருத்து நூறாண்டுக்கு மேல் செல்வாக்குடன் இருந்தது. சிறுவயது வன்கொடுமை, புறக்கணிப்பு ஆகியவை இந்நோயாளிகளிடம் பிறரைவிடக் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. எனினும் அத்தகைய வரலாறே இல்லாத நோயாளிகள் பலர் இருக்கின்றனர். கொடுமைக்கு ஆளானோரில் மிகப் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதுமில்லை. 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு, மன அழுத்த நிகழ்வைக் காட்டினால்தான் நோயை உறுதிசெய்யலாம் என்ற நிபந்தனையை நீக்கியது. ஒற்றைக் காயத்தைத் தோண்டும் முயற்சி, இல்லாத குற்றத்தைக் குடும்பத்தின்மேல் சுமத்திவிடக்கூடும் என்பதால், அந்த நீக்கம் சரியானதே.

ஆகவே காரணத்தை மூன்று அடுக்காகப் பார்ப்பது பொருந்தும்: நோய்க்கு இடங்கொடுப்பவை, அதைத் தொடக்கிவைப்பவை, நீடிக்கச் செய்பவை. பதற்றம், மனச்சோர்வு, பழைய காயங்கள் ஆகியவை முதல் அடுக்கைச் சேர்ந்தவை. தலையில் அடிபடுதல், மயக்கம், அறுவைச் சிகிச்சை, துயரச் செய்தி போன்றவற்றுக்குப் பின் நோய் தொடங்கலாம். 2016இல் ஆய்வாளர்கள் பிரவுனும் ரொய்பரும் முன்வைத்த விளக்கப்படி, வலிப்பு எப்படி இருக்கும் என்ற ஓர் உருவம் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. உடல் பதறும்போது, கட்டுப்பாடு தளர்ந்து, அந்த உருவம் தன்னிச்சையாக இயங்கிவிடுகிறது.

அந்த உருவம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கண்டிச் சூழல் கவனத்துக்குரியதாகிறது. சிலர் அதைத் தமக்கோ உறவினருக்கோ உள்ள காக்கை வலிப்பிலிருந்து பெறுகின்றனர். வேறு சிலர் கோயில் திருவிழாவில் அருள் வந்து ஆடுவோரையும், பேய் பிடித்தது என்று கோடாங்கியிடம் அழைத்துச் செல்லப்படுவோரையும் பார்த்து வளர்ந்தவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர, 1981இல் வெளியான தம் நூலில் கதிர்காமத்துப் பக்தர்களை ஆராய்ந்து, தனிமனிதரின் உள்வேதனை சமூகம் அறிந்த குறியீடுகளின் வழியே வெளிப்படுவதைக் காட்டினார். சாமியாடுதல் நோயன்று, ஊர் அதை ஏற்கிறது, அதற்குப் பொருளும் தருகிறது. ஆனால் பொது இடத்தில் வாய்விட்டுச் சொல்ல இயலாத துன்பத்துக்கு உடல் எந்த வடிவத்தைக் கைக்கொள்ளும் என்பதை அறிய அவருடைய ஆய்வு உதவுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தூண்டுதல் ஒன்று தெரிகிறது என்பதனாலேயே வலிப்பு செயற்பாட்டு வகையைச் சேர்ந்ததாகிவிடாது. பேராதனையில் மருத்துவப் பேராசிரியராக இருந்த நிமல் சேனாநாயக்க, உணவு உண்ணும்போது வரும் வலிப்பை விரிவாக ஆராய்ந்தவர். அது மெய்யான காக்கை வலிப்பே. ஒரே நோயாளியிடம் இருவகையும் சேர்ந்திருப்பதும் உண்டு.

நோயை நீடிக்கச் செய்யும் மூன்றாம் அடுக்கே மிகக் குறைவாகப் பேசப்படுகிறது, மாற்றத்தக்கதும் அதுவே. ஜெர்மன் ஆய்வொன்றில், நோய் தொடங்கியதிலிருந்து சரியாக இனங்காணப்படும்வரை சராசரியாக ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. அதுவரை பயனற்ற வலிப்பு மருந்துகள் கூடிக்கொண்டே போகும். பஸ்ஸில் விழுந்துவிடுவோமோ என்று வெளியே போகாதிருத்தல், வேலையை விடுதல், மகளின் திருமணம் தடைப்படும் என்று வீட்டார் மறைத்தல் ஆகியவை அச்சத்தைப் பெருக்குகின்றன. அச்சம் அடுத்த வலிப்புக்கு வழிசெய்கிறது.

பிரித்தானியாவில் 368 பேரைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான சோதனையில், வழக்கமான கவனிப்போடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு ஓராண்டின் முடிவில் வலிப்பின் எண்ணிக்கை, அச்சிகிச்சை பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருக்கவில்லை. ஆயினும் அன்றாட வாழ்விலும் மன வேதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. எந்தச் சிகிச்சைக்கும் முதற்படி, நோயைத் தெளிவாக விளக்கிச் சொல்வது. ஹந்தானை, கலஹா, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் நோயாளிக்கு அந்த விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில், அதுவும் சில நிமிடங்களில், கிடைக்கிறது. தமிழும் 1987 முதல் இலங்கையின் ஆட்சிமொழி. கண்டியிலும் பேராதனையிலும் நரம்பியல், உளமருத்துவ கிளினிக்குகளில் தமிழில் உட்கார்ந்து பேச ஒருவர் இருக்க வேண்டும்.